மலையில் புதைத்த கருவி பேசாமல் போனால்?



கொத்மலைப் பக்கத்துத் தோட்டங்களில் இப்போது எந்த லயத்துக்குப் போனாலும் கேட்கப்படுகிற கேள்வி ஒன்று இருக்கிறது. 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயல் அடித்து, நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மலை மலையாக மண் இறங்கிய பிறகு அந்தக் கேள்வி இன்னும் கூடிப்போனது. "ஐயா, மண் சரியப்போறதை முன்கூட்டியே சொல்ற மெஷின் இருக்காமே. அதைக் கொண்டுவந்து நம்ம லயத்துக்கு மேல வச்சிட்டா ராத்திரி நிம்மதியா தூங்கலாம்தானே?" என்பதுதான் அது.

அப்படிப்பட்ட கருவி இருப்பது உண்மை. அது தேயிலை நாட்டிலேயே, நம்மைப் போலத் தமிழ் பேசும் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்கிற ஊரிலேயே வைக்கப்பட்டும் இருக்கிறது. ஆனால் வைத்துவிட்டால் தூங்கலாமா என்பதற்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் கூற முடியாது. அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது, எப்படியெல்லாம் கெட்டுப்போகிறது, கெட்டதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால், நாளைக்கு நம்ம மலையில் யாராவது அதைக் கொண்டுவந்து நாட்டும்போது என்ன கேட்க வேண்டும் என்பதாவது நமக்குத் தெரியும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தியாவில் கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்தில் மூணாறு என்ற ஊர் இருக்கிறது. சுற்றிலும் தேயிலைதான். அங்கே அந்தோணியார் காலனி என்ற சரிவான இடத்தில், அமிர்தா விஸ்வ வித்யாபீடம் என்னும் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், மனீஷா ரமேஷ் என்ற அம்மையாரின் தலைமையில், மண்சரிவை முன்னறிந்து சொல்லும் கருவித் தொகுதி ஒன்றை அமைத்தார்கள். முதலில் சிறிதாகத் தொடங்கி, பிறகு சுமார் 50 உணர்கருவிகளும் 20 வயர்லெஸ் பெட்டிகளுமாகப் பெருக்கினார்கள். 2009 ஜூலை மாதத்துப் பெருமழையில் அந்தத் தொகுதி அங்குள்ள மக்களுக்கு உண்மையாகவே எச்சரிக்கை கொடுத்திருக்கிறது.

அது எப்படி வேலை செய்கிறது? மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, மண் மணிகளுக்கு இடையிலுள்ள இடத்தையெல்லாம் நிரப்பி, உள்ளே இருந்து அழுத்தும். அழுத்தம் கூடக்கூட மண் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் பலம் குறையும். ஒரு கட்டத்தில் மலை தன் பாரத்தைத் தானே தாங்க முடியாமல் இறங்கிவிடும். ஆகவே மலையில் ஆழமாகத் துளை போட்டுக் குழாயை இறக்கி, அந்தக் குழாயில் கருவிகளைப் பொருத்துகிறார்கள். ஒன்று தண்ணீரின் அழுத்தத்தை அளக்கும். இன்னொன்று மண்ணின் ஈரத்தைப் பார்க்கும். வேறொன்று குழாய் கொஞ்சம் சாய்ந்தாலும் சொல்லும். அதிர்வைக் கேட்கிற கருவியும் உண்டு. மேலே மழைமானி இருக்கும்.

அளந்ததை வெளியே கொண்டுவர வேண்டும்தானே? மலை முழுக்க வயர் இழுக்க முடியாது. இழுத்தாலும் மாடு மிதிக்கும், கவ்வாத்துக் கத்தி வெட்டும், இடி விழும். அதனால் ஒவ்வொரு குழாயின் தலையிலும் ஒரு சிறிய பெட்டி. அதற்குள் ஒரு சின்னஞ்சிறு கணனி, ஒரு ரேடியோ, ஒரு பெட்டரி. மேல்மலையில் நிற்கிறவர் கூப்பிட்டால் நடுமலையில் நிற்கிறவர் வாங்கி, அதைக் கீழே ஸ்டோர் பக்கம் நிற்கிறவருக்குச் சொல்வாரே, அந்த மாதிரி ஒரு பெட்டி சொன்னதை அடுத்த பெட்டி வாங்கி அடுத்ததற்குச் சொல்லும். கடைசியில் எல்லாம் ஒரு தலைப்பெட்டிக்கு வந்து சேரும். மூணாறில் அங்கிருந்து செய்மதி வழியாகச் சுமார் 300 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள அமிர்தபுரிக்குப் போகிறது. அங்கே இருக்கும் பெரிய கணனிகள் கணக்குப் பார்த்து, முதல் எச்சரிக்கை, இரண்டாம் எச்சரிக்கை, கடைசி எச்சரிக்கை என்று மூன்று படியாகச் சொல்லும். செய்மதித் தொடர்பு அறுந்தால் பயன்படுத்த வேறு வழிகளையும் கைவசம் வைத்துக்கொண்டார்கள். இது புத்திசாலித்தனம். ஒரே கயிற்றில் தொங்கக்கூடாது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பெட்டிகளுக்குச் சொந்த மூளை கிடையாது. எப்போது அளக்க வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும், பெட்டரி குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லாவற்றையும் மனிதர்கள் எழுதி உள்ளே ஏற்ற வேண்டும். அதைத்தான் புரோகிராம் அல்லது மென்பொருள் என்கிறோம். அந்தக் காலத்தில் இந்த வேலைக்கு அதிகம் பாவித்த ஒரு வகைப் பெட்டிக்கு, வேலை நடக்கும்போது எழுதி வைத்துக்கொள்ள உள்ள இடம் 4 கிலோபைட் மட்டும்தான். கொப்பியில் இரண்டு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு பக்கத்துக்குள்ளே அளந்த எண், அக்கம்பக்கத்துப் பெட்டிகளின் பெயர், நேரம் எல்லாம் அடங்க வேண்டும். மேசையில் இருக்கிற கணனி நின்றுபோனால் பொத்தானை அமுக்கி மறுபடி தொடங்கலாம். மலை உச்சியில் புதரில் நிற்கிற பெட்டி நின்றுபோனால், ஏன் நின்றது என்று கேட்க அதற்கு ஒரு திரைகூட இல்லை.

இதில் எவ்வளவு கோளாறு வரலாம் என்பதற்கு ஒல்லாந்து நாட்டில் நடந்த ஒரு கதையைச் சொல்கிறேன். நுவரெலியாவில் உருளைக்கிழங்கு போடுகிறவர்களுக்கு இலைக்கருகல் நோய் என்னவென்று தெரியும். ஈரமும் குளிரும் சேர்ந்தால் ஒரு வாரத்தில் தோட்டத்தையே தின்றுவிடும். அந்த நோய் வரக்கூடிய நேரத்தை முன்கூட்டியே கண்டுபிடிப்பதற்காக, 2005இல் அங்கே ஒரு கிழங்குக் காணியில் சுமார் நூறு வயர்லெஸ் பெட்டிகளை நட்டார்கள். நட்டவர்கள் படித்த பல்கலைக்கழகத்து ஆட்கள். கடைசியில் 97 பெட்டிகள் மூன்று வாரம் ஓடின. அளந்ததில் வந்து சேர்ந்தது 2 சதவீதம். நூறு கிலோ கொழுந்து எடுத்து ஸ்டோருக்கு இரண்டு கிலோ வந்த மாதிரி!

என்ன நடந்தது? அவர்கள் மறைக்காமல் எழுதி வைத்தார்கள். அதற்காகவே அவர்களை மதிக்க வேண்டும். முதலாவது, பெட்டிகளை நடுவதற்குச் சற்று முன்பு, அரைகுறையாக இருந்த ஒரு புரோகிராம் துண்டு தவறுதலாக நல்லதோடு கலந்து எல்லாப் பெட்டிகளிலும் ஏறிவிட்டது. இரண்டாவது, திருத்திய புரோகிராமை ஒவ்வொரு பெட்டியாகப் போய் ஏற்றாமல் ரேடியோ மூலமே பரப்புவதற்கு ஒரு வசதி வைத்திருந்தார்கள். அந்த வசதியே வினையானது. பெட்டிகள் ஓயாமல் ஒன்றுக்கொன்று புரோகிராமை அனுப்பிக்கொண்டே இருந்து, நாலே நாளில் பெட்டரி தீர்ந்துபோனது.

மூன்றாவது கோளாறுதான் எனக்கு மறக்க முடியாதது. ஒவ்வொரு பெட்டியும் தன் அயல் பெட்டிகளின் பெயரை ஒரு பட்டியலில் எழுதி வைக்கும். அந்தப் பட்டியலில் இவ்வளவு பேர்தான் என்று அளவு உண்டு. காணியில் பெட்டிகள் நெருக்கமாக நின்றதால் சில பெட்டிகளுக்கு முப்பது அயல்கள்வரை இருந்தன. பட்டியல் நிறைந்துவிட்டது. விடுபட்டுப்போனவற்றில் தலைப்பெட்டியும் ஒன்று! தலைப்பெட்டி பக்கத்திலேயே நின்றாலும் பல பெட்டிகள் நேரே அதற்கு அனுப்பவில்லை. கங்காணியின் கொப்பியில் இடம் இல்லை என்று துரையின் பெயரையே எழுதாமல் விட்ட கதைதான். மேசையில் நாலு பெட்டியை வைத்துச் சோதித்தால் இந்தப் பிழை ஒருநாளும் வெளியே வராது. காணியில் நூறு வைத்தால்தான் தெரியும்.

நாலாவது, புரோகிராம் மயங்கிப்போனால் பெட்டி தானாகவே அணைந்து மறுபடி தொடங்குவதற்கு ஒரு காவல் ஏற்பாடு இருந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெரும்பாலான பெட்டிகள் இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் இடைப்பட்ட நேரத்துக்கு ஒருமுறை அணைந்து அணைந்து எழும்பின. எழும்பும் ஒவ்வொரு முறையும் அயல் பெட்டிகள் அதைப் பட்டியலில் இருந்து அழித்துவிட்டன. இதற்கெல்லாம் மேலே, தலைப்பெட்டிக்குச் சூரிய வெளிச்சத்தால் கிடைத்த மின்சாரமும் போதவில்லை. நம்ம ஊரில் யோசித்துப் பாருங்கள். அடைமழைக் காலத்தில் பத்து நாள் சூரியனையே காண மாட்டோம். கருவி மிக மிகத் தேவைப்படுகிற அந்தப் பத்து நாளில்தான் அதற்குச் சாப்பாடு குறைகிறது. நம்ம மலையில் வைக்கப்போகிறவர்களிடம் முதலாவதாகக் கேட்க வேண்டியது இதுதான்: "வெயில் இல்லாமல் எத்தனை நாள் தாங்கும்?"

சரி, பிழையை எப்படித் தேடுகிறார்கள்? அனுபவப்பட்டவர்கள் புரோகிராமை முதலில் தொடுவதில்லை. முதலில் பெட்டரியைப் பார்ப்பார்கள், பிறகு பெட்டிக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள், பிறகு ரேடியோ எட்டுகிறதா என்று பார்ப்பார்கள். இவை சரியென்றால்தான் புரோகிராமைத் திறப்பார்கள். 2002இல் அமெரிக்காவில் ஒரு தீவில் கடற்பறவைகளின் வளைகளுக்குள் இப்படிப் பெட்டிகள் வைத்தார்கள். சில பெட்டிகள் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு நூறையும் தாண்டிவிட்டதாகச் சொல்லத் தொடங்கின. அப்படி இருக்கவே முடியாது. பார்த்தால் பெட்டிக்குள் தண்ணீர் போயிருந்தது. அப்படி உளறிய பெட்டிகள் கொஞ்ச நாளில் செத்தும் போயின. ஆகவே நடக்க முடியாத எண் வந்தால் அதைத் தூக்கி எறியக்கூடாது. அது கருவியின் காய்ச்சல்.

புரோகிராமைச் சோதிக்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மூன்றைச் சேர்த்து மாற்றி, கோளாறு தீர்ந்துபோனால், எதனால் தீர்ந்தது என்று தெரியாது. தீராவிட்டால் கேட்கவே வேண்டாம். முதலில் ஒரு பெட்டி, பிறகு இரண்டு, பிறகு பத்து, பிறகு மழையில் நனைய வைத்துப் பத்து என்று போக வேண்டும். நேற்று நன்றாக ஓடிய புரோகிராமைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். புதியது கெட்டால் பழையதுக்குத் திரும்பலாம். ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண் போட வேண்டும். 41, 42, 45 என்று வந்தால் 43ஐயும் 44ஐயும் காணவில்லை என்று குழந்தைப் பிள்ளைக்கும் விளங்கும். நம்ம தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இப்போது உயர்தரத்தில் தொழில்நுட்பம் படிக்கிறார்கள். புரோகிராம் எழுதுவதைவிடப் புரோகிராமின் பிழையைப் பொறுமையாகத் தேடுவதுதான் இந்தத் தொழிலின் பாதி என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய பிழை ஒன்று உண்டு. அது புரோகிராமிலும் இருக்கும், நம்ம மனசிலும் இருக்கும். கருவி பேசவில்லை என்றால் ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொள்வதுதான் அது.

காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும்போது என்ன நடக்கிறது? பதில் வராத பேரை "சுகமாக இருக்கிறார்" என்று யாராவது எழுதுவார்களா? வரவில்லை என்றுதான் எழுதுவார்கள். பிறகு ஏன் வரவில்லை என்று ஆள் அனுப்பிக் கேட்பார்கள். கருவிகளுக்கும் அதே பெரட்டு வேண்டும். மண் அசைந்தாலும் அசையாவிட்டாலும் ஒவ்வொரு பெட்டியும் குறித்த நேரத்துக்கு ஒருமுறை "நான் இருக்கிறேன், என் பெட்டரி இவ்வளவு, நான் இத்தனை தடவை அணைந்து எழும்பினேன்" என்று சொல்லும்படி புரோகிராமை எழுத வேண்டும். சொல்லாத பெட்டியைத் திரையில் பச்சையாகக் காட்டக்கூடாது. சில இடங்களில் செய்தி நின்றுபோன பிறகும் கடைசியாக வந்த எண்ணே திரையில் நின்றுகொண்டிருக்கும். பார்க்கிறவர் எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்வார். பெட்டி மூன்று நாளுக்கு முன்பே செத்திருக்கும். தானியங்கி மழைமானியும் இப்படித்தான். பெரும்பாலானவற்றில் உள்ளே ஒரு சின்ன ஊஞ்சல் தட்டு இருக்கிறது. தண்ணீர் நிறைந்து தட்டு சாய்வதை எண்ணித்தான் மழையைக் கணக்கிடும். வாயில் இலை அடைத்துக்கொண்டால் தட்டு சாயாது. கொட்டுகிற மழையிலும் மழையே இல்லை என்று சொல்லும். மழை இல்லாத பூச்சியத்தையும் இலை அடைத்த பூச்சியத்தையும் புரோகிராமுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது, அக்கம்பக்கத்து மழைமானிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தால் ஒழிய.

மூணாறைப் பற்றிச் சொல்லிவிட்டு இதையும் சொல்லாமல் விடக்கூடாது. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, அதே மூணாறுப் பகுதியில் பெட்டிமுடி என்ற இடத்தில் தேயிலைத் தொழிலாளர் லயங்கள் மீது மலை இறங்கியது. 70 பேர் மாண்டார்கள். தமிழ்க் குடும்பங்கள், தூங்கிக்கொண்டிருந்தவர்கள். அந்த மழையில் மின்சாரமும் தொலைபேசியும் ஏற்கெனவே அறுந்திருந்தன. வெளியே செய்தி போனது மறுநாள் காலையில்தான். அந்தோணியார் காலனியில் கருவி இருந்ததே என்று கேட்காதீர்கள். குழாய் எந்தச் சரிவில் இறக்கப்பட்டதோ அந்தச் சரிவைத்தான் அது அறியும். அடுத்த மலையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. நம்ம பக்கத்தில் 2014 அக்டோபர் 29ஆம் தேதி கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயங்கள் புதையுண்டதையும் மறந்திருக்க மாட்டோம். அங்கே இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது. சொன்னது கேட்டவர்களின் வாழ்வில் ஒரு பாதுகாப்பான வீடாக மாறவில்லை. இதை எந்தப் புரோகிராமாலும் திருத்த முடியாது; காணியும் வீடும் கொடுக்க வேண்டியவர்கள் கொடுத்தால்தான் திருந்தும் என்பது என் அபிப்பிராயம்.

இப்போது நம்ம நாட்டு ஏற்பாடு. மண்சரிவு எச்சரிக்கையைக் கொடுப்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். அவர்கள் மலைநாட்டில் தானியங்கி மழைமானிகளை வைத்து, கிடைக்கும் மழை அளவைக்கொண்டு மூன்று நிறத்தில் எச்சரிக்கிறார்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழையைத் தாண்டினால் மஞ்சள், அதாவது விழிப்பாக இருங்கள். 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள், அதாவது வெளியேறத் தயாராக இருங்கள். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 பெய்தால் சிவப்பு. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். சாமான் அடுக்கிக்கொண்டிருக்க நேரமில்லை.

இந்தச் செய்தி கொழும்பிலிருந்து பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர், தோட்டம் என்று இறங்கி வரவேண்டும். இதுவும் பெட்டிக்குப் பெட்டி சொல்கிற சங்கிலிதான். இங்கேயும் ஒரு பெட்டி நின்றுபோகலாம். ராத்திரி இரண்டு மணிக்கு வருகிற செய்தியை யார் போனில் பார்ப்பது? கரண்ட் போய் டவர் நின்றுவிட்டால்? செய்தி தமிழில் இல்லாவிட்டால் யார் வாசித்துச் சொல்வது? ஆகவே ஒவ்வொரு லயத்துக்கும் இரண்டு பேரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் மற்றவர். டவர் நின்றாலும் கேட்கக்கூடியது எது என்று முன்பே முடிவு செய்யுங்கள். கோயில் மணியா, தப்பா, ஸ்டோர் சங்கா? மழைக்காலத்துக்கு முன்பு ஒருமுறை அடித்து, கடைசிக் காம்பராவில் இருக்கிற பாட்டிக்குக் கேட்கிறதா என்று பாருங்கள்.

கருவி வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. அடியிலிருந்து வாய்வரை ஒரே அகலமாக உள்ள, குறைந்தது 20 சென்ரிமீட்டர் உயரமான ஒரு தகர டின்னை எடுத்துக்கொள்ளுங்கள். போத்தல் என்றால் கழுத்துப் பகுதியை வெட்டிவிட்டு, அடிப்பக்கம் தட்டையானதா என்று பாருங்கள். மரமும் கூரையும் இல்லாத இடத்தில், கவிழாதபடி கல் அணைத்து வையுங்கள். தினமும் காலை ஒரே நேரத்தில் பள்ளிக்கூட அடிமட்டத்தால் தண்ணீரின் ஆழத்தை அளந்து, எழுதிவிட்டு ஊற்றிவிடுங்கள். ஆழம் ஏழரை சென்ரிமீட்டர் என்றால் 75 மில்லிமீட்டர் மழை. பத்து என்றால் 100, பதினைந்து என்றால் 150. அடிமட்டத்தின் நுனியில் பூச்சியத்துக்கு முன்பு உள்ள வெற்றிடத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள மறக்க வேண்டாம். ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இந்த வேலையை நம்மைவிட ஒழுங்காகச் செய்வார்கள். ஆனால் விடாமல் பெய்கிற நாளில் காலைவரை காத்திராமல் பெரியவர்கள் மணிக்கு மணி பார்க்க வேண்டும். இருட்டிவிட்டால் பிள்ளைகளை வெளியே அனுப்ப வேண்டாம்.

மழை அளவு குறைவாக இருந்தாலும் நிலத்தில் புதிதாக வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கதவு சாத்த முடியாமல் இறுகுவது, சுவரில் புதுப் பிளவு, பீலித் தண்ணீர் கலங்கி வருவது அல்லது சட்டென்று நின்றுபோவது, இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் எச்சரிக்கை வரும்வரை பார்த்திருக்காமல் அந்த இடத்தை விட்டு நகருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. இரவும் பகலும் எடுக்கலாம். டின்னில் அளந்த கணக்கைத் தேதி, நேரத்தோடு எழுதி வைத்திருந்தால், போனில் பேசும்போது "நல்ல மழைங்க" என்று சொல்வதற்குப் பதிலாக "நேற்றுக் காலை ஆறு மணியிலிருந்து 110 மில்லிமீட்டர்" என்று சொல்லலாம்.